டெஸ்டுக்கு மட்டும்தானே

சார் குழாயின் அளவைக் கையால்தான் காட்டுவார். நான்கு அங்குலம் என்றால் இரண்டு கட்டைவிரல்களையும் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நுனியோடு நுனி சேர்த்து ஒரு வளையம். ஆறு அங்குலம் என்றால் விரல்கள் ஒன்றையொன்று தொடாமல் கொஞ்சம் விலகி நிற்கும். எட்டு என்றால் டிபன் தட்டைப் பிடித்திருப்பது போல உள்ளங்கைகள் எதிரெதிரே வந்துவிடும். மொழி தெரியாத வாடிக்கையாளர்கள்கூட அந்தக் கைகளைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். நான் எட்டு என்று வரைந்து கொண்டுபோன அன்று, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடி, தட்டைப் பிடித்த கைகளை மெதுவாக நெருக்கி ஆறாக்கிக் காட்டிவிட்டு, “இது போதும்மா. டெஸ்டுக்கு மட்டும்தானே?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கழுத்து நரம்பு இழுக்கிறது.

சென்ற மாதம் அவர் இறந்துபோனார். தூக்கத்திலேயே போய்விட்டாராம். புனேயில் வேலை பார்க்கும் தமிழ் எஞ்சினீயர்களின் வாட்ஸ்அப் குழுவில் அன்று முழுக்க அவர் படம்தான். தெய்வம் என்று ஒருவர், அப்பா என்று ஒருவர், என் வீட்டில் அடுப்பு எரிவதே அவரால்தான் என்று இன்னொருவர். இதில் எதுவும் பொய்யில்லை. அதுதான் என்னை இன்னும் எரிய வைக்கிறது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் நான் அவரை எப்போதோ மறந்திருப்பேன்.

நான் கோயம்புத்தூர்க்காரி. கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு பம்பு கம்பெனியில், தயாரான பம்புகளை ஓட்டிச் சோதிக்கும் பிரிவில் இருந்தேன். கணவருக்குக் கராடியில் வேலை கிடைத்ததால் புனேக்கு வந்தோம். இந்த ஊரில் நான் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. தொழிற்சாலைக் கட்டுமானத்தில் நின்று வேலை வாங்கப் பெண் ஒத்துவராது என்று எல்லோரும் மரியாதையாகவே சொன்னார்கள். சார் ஒருவர்தான் எதுவும் கேட்காமல் மறுநாளே வரச் சொன்னார். தீயணைப்புக் குழாய், பம்பு வேலைகளை வடிவமைத்துக் கொடுக்கும் நிறுவனம் அவருடையது. திருநெல்வேலியிலிருந்து இளம் வயதில் வந்து, மராட்டி பேசக் கற்று, தானே கட்டி எழுப்பியது. என்னை முதல் முறை கட்டுமான இடத்துக்கு அனுப்புவதற்கு முன், அங்கே பெண்களுக்கென்று தனியாகக் கழிப்பறை இருக்கிறதா என்று போனில் கேட்டார். இல்லை என்றதும், அது வரும்வரை என் ஆளை அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இப்படி எனக்காக யாரும் அதற்கு முன் பேசியதில்லை. அதனால்தான் நானும் அவரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவருக்கு ‘இல்லை’ என்று சொல்ல வராது. வேலை கேட்டு வந்தவனிடம் வராது, நன்கொடை கேட்டு வந்தவரிடம் வராது, வாடிக்கையாளரிடம் சுத்தமாக வராது. எல்லாவற்றுக்கும் “பாத்துக்கிடலாம்” என்பார். பெரும்பாலும் பார்த்தும் கொள்வார். ஒரு முறை பார்த்துக்கொள்ள முடியாமல் போனது. அதற்கு விலை கொடுத்தது அவர் இல்லை.

தீயணைப்புப் பம்பு என்பது வருடம் முழுக்கச் சும்மா நிற்கும் இயந்திரம். என்றோ ஒரு நாள், மற்ற எல்லாமே தவறிப்போன ஒரு நாளில், அது ஓட வேண்டும். ஓடுமா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, ஆண்டுக்கு ஒரு முறை அதை முழு மூச்சாக ஓட்டிப் பார்ப்பது. அதன்மேல் எழுதியிருக்கும் கொள்ளளவுக்கு மட்டுமல்ல, அதைப்போல ஒன்றரை மடங்கு தண்ணீரைத் தள்ளச் சொல்லி, அப்போதும் அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே விழாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவு தண்ணீரும் எங்காவது போக வேண்டுமல்லவா? அதற்காகப் பம்பிலிருந்து தனியாக ஒரு குழாய் வெளிச்சுவருக்குப் போகும். அதன் முனையில் வரிசையாக வால்வுகள். அவற்றில் ஹோஸ்களை மாட்டி வெட்டவெளியில் பீய்ச்சுவார்கள். அந்தக் குழாயைத்தான் டெஸ்ட் லைன் என்கிறோம். இந்தப் பம்புக்கு இந்த அளவுக் குழாய் என்று அட்டவணை இருக்கிறது. அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பும் இருக்கிறது. வால்வுகள் பம்பு அறைக்குப் பக்கத்திலேயே இருந்தால்தான் அந்த அளவு சரி. குழாய் நீண்டு போனால் அடுத்த பெரிய அளவைப் போட வேண்டும், அல்லது சிறியதே போதும் என்று கணக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். குழாய் நீள நீள, வளைவுகள் கூடக் கூட, தண்ணீர் சுவரில் உரசி உரசியே அழுத்தத்தை இழந்துவிடும். இது பெரிய ஞானம் ஒன்றுமில்லை. தோட்டத்துக்கு நீளமான ரப்பர் குழாயில் தண்ணீர் விட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

புனேக்கு வெளியே ரஞ்சன்காவில் அட்டைப் பெட்டியும் தெர்மோகோலும் செய்யும் ஒரு தொழிற்சாலை. பம்பு அறை முன்வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கேதான் விருந்தினர் வரும் வழி, புல்வெளி எல்லாம். அந்த இடத்தில் சிவப்பு வால்வுகள் வரிசையாக நின்றால் அழகு கெடும் என்று முதலாளி சொன்னார். சார் வழக்கம்போலப் பார்த்துக்கிடலாம் என்றார். வால்வுகள் கட்டடத்தின் பின்பக்கம், மழைநீர் வாய்க்காலுக்கு அருகே போயின. குழாய் கட்டடத்தையே சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அட்டவணையில் ஆறு அங்குலம். நான் கணக்குப் போட்டேன், ஆறு தாங்கவில்லை. கோயம்புத்தூரில் பம்புகளோடு பழகியவள் என்பதால் ஒரு முறைக்கு இரு முறை போட்டுப் பார்த்தேன். எட்டு வேண்டும். எட்டு என்று வரைந்தேன்.

ஆனால் அதற்கு முன்பே சார் போனில் ஆறு என்று சொல்லிவிட்டிருந்தார். அதை நம்பி, ஆறு அங்குலக் குழாய் நுழையும் அளவுக்குத் துளை விட்டு பீமில் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். எட்டு போட வேண்டுமென்றால் உடைக்க வேண்டும், திறப்பு விழா தள்ளிப்போகும். வாடிக்கையாளரிடம் போய் நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும்.

“டேபிள்ல ஆறுதானம்மா போட்டிருக்கு?” என்றார்.

“கீழ ஒரு நோட் இருக்குதுங்க சார். பக்கத்துல இருந்தா மட்டும்தானுங்க ஆறு. இது பில்டிங்கையே சுத்திப் போகுதுங்களே.”

“தீ பிடிச்சா அந்த வழியாவா தண்ணி போவப்போவுது? ஹைட்ரண்ட் லைன்ல நான் கை வச்சேனா? ஸ்பிரிங்க்ளர் லைன்ல கை வச்சேனா?”

“டெஸ்ட் பண்ண முடியலீன்னா பம்பு நல்லா இருக்குதா இல்லையான்னு யாருக்குங்க சார் தெரியும்?”

“நம்ம போடுத பம்பும்மா. நல்லாத்தான் இருக்கும். நான் பாத்துக்கிடுதேன், நீ போ.”

அப்போதுதான் அந்தக் கை, அந்தச் சிரிப்பு.

நான் அத்துடன் விடவில்லை. ரஞ்சன்காவ் போய், தொழிற்சாலையின் சேஃப்டி ஆபீசரிடம் நேராகச் சொன்னேன். அவரும் தமிழர்தான், ஆனால் புனேயில் பிறந்தவர். அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், வீடு கோர்படியில். தமிழை அவர் படித்ததில்லை. வீட்டில் கேட்ட வேலூர்ப் பக்கத்துத் தமிழும் தெருவில் கேட்ட இந்தியும் கலந்து ஒரு பேச்சு பேசுவார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “மத்லப், அப்டின்னா இன்னா மேடம், டெஸ்ட்டே ஆவாதா?” என்றார். முழுசா ஆகாது என்றேன். அவர் முகம் சுருங்கியது. “அப்ப நான் இன்னாத்துக்கு இங்க?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலக் கேட்டார்.

பம்பை ஒப்படைக்கும் நாளில் நானும் இருந்தேன். எழுதிய கொள்ளளவு வரை ஒரு சிக்கலும் இல்லாமல் வந்தது. அதற்கு மேல் எல்லா வால்வுகளையும் திறந்தும் தண்ணீர் ஏறவில்லை. டீசல் எஞ்சின் கத்துகிறது, ஹோஸ் முனையில் அளவு காட்டும் முள் அசைய மறுக்கிறது. சேஃப்டி ஆபீசர் எல்லோர் முன்னிலையிலும், இது டெஸ்ட் ஆகவில்லை, குழாயை மாற்ற வேண்டும் என்று இந்தியில் சொன்னார். தொழிற்சாலைத் தலைவர் சாரைப் பார்த்தார். சார் அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். பம்பு அருமையான பம்பு, இந்தச் சின்னக் குழாய்தான் விடமாட்டேன் என்கிறது, டெஸ்டுக்கு மட்டும்தானே என்று அங்கேயும் அதே வாக்கியம், இந்தியில். எல்லோரும் சிரித்தார்கள். சாப்பிடப் போனார்கள். மறுநாள் காலை என்னைக் கராடியில் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஐ.டி. கட்டட வேலைக்கு மாற்றியிருந்தார். “உனக்கு வீட்டுப் பக்கமா இருக்கும்லா?” என்றார். அக்கறையாகத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் சோதனை முடிந்ததும் சேஃப்டி ஆபீசர் எனக்குப் போன் செய்வார். முதல் தடவை பேசும்போது, வந்த தண்ணீர் போன வருடத்தைவிடக் கொஞ்சம் குறைவு என்றார். அடுத்த முறை இன்னும் குறைவு. சோதனை செய்ய வரும் ஆட்கள் ஒவ்வொரு முறையும், லைன் சின்னது, இவ்வளவுதான் வரும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்களாம். ஒரு நாள் குரல் மாறிப் பேசினார்.

“மேடம், பைப்பு அதே பைப்பு. பானி மட்டும் ஏன் கம்மியாகினே வருது?”

தண்ணீர் மட்டும் ஏன் குறைகிறது என்ற இந்த ஒரு கேள்வியை அந்தத் தொழிற்சாலையில் வேறு யாரும் கேட்கவில்லை. சின்னக் குழாய் சின்னக் குழாயாகத்தான் இருக்கும், வருடா வருடம் மெலியாது. அப்படியென்றால் குறை வேறெங்கோ இருக்கிறது. பம்பு தண்ணீரை இழுக்கும் பக்கத்தில் ஏதோ அடைக்கிறது, தொட்டியை வடித்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் எழுதிக் கேட்டார், நேரில் கேட்டார். தொட்டியை வடித்தால் சில நாள் தீயணைப்புக்குத் தண்ணீர் இருக்காது, உற்பத்தியை நிறுத்த வேண்டிவரும். தொழிற்சாலைத் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. அவர் சாரிடம் போனில் கேட்டார். நான் அன்றைக்கு சாரின் அறையில்தான் நின்றுகொண்டிருந்தேன். நானும் அதையே சொல்லத்தான் போயிருந்தேன். சார் போனில், பழைய குழாய் இல்லையா, உள்ளே துரு ஏறியிருக்கும், அதனால் தண்ணீர் குறைவது இயற்கைதான், டேங்கைத் தொட வேண்டாம் என்றார். வைத்துவிட்டு என்னிடம், “அவன் சும்மா பயப்படுதான்மா” என்றார்.

எதை நினைத்து அதிகம் கொதிப்பது என்று எனக்கே தெரியாமல் போகும் சில இரவுகள் உண்டு. குழாயைச் சின்னதாக்கியதை ஒரு பிழை என்று வைத்துக்கொள்ளலாம். பிழை எல்லோருக்கும் வரும். ஆனால் அந்தப் பிழையையே பிறகு ஒரு சாக்காக எடுத்து, பம்பின் மேல் வந்த சந்தேகத்தையெல்லாம் அதை வைத்தே மூடினாரே, அதை என்னவென்று சொல்வது? எட்டு அங்குலக் குழாய் இருந்திருந்தால், தண்ணீர் குறைந்த முதல் வருடமே தெரிந்திருக்கும். பழிபோட வேறு எதுவும் இருந்திருக்காது. அன்றைக்கே தொட்டியைத் திறந்திருப்பார்கள்.

தீ ஒரு மத்தியானம் பிடித்தது. கிடங்கில் கூரை வரை அட்டையும் தெர்மோகோலும். முதல் ஹோஸில் தண்ணீர் நன்றாகத்தான் வந்ததாம். சேஃப்டி ஆபீசரும் ஒரு காவலாளியும் ஷட்டர் வாசலில் நின்று உள்ளே அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் கூரையில் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர்கள் தாமாகத் திறந்துகொண்டன, பக்கவாட்டில் இன்னும் இரண்டு ஹோஸ்களைத் திறந்தார்கள். பம்பு அறையிலிருந்து கல்லை அரைப்பது போன்ற சத்தம் வந்தது என்று அவர் பிறகு எனக்குச் சொன்னார். தண்ணீர் கிடைக்காத பம்பு அப்படித்தான் கத்தும். “கையில இருந்த ஹோஸ் அப்டியே துணி மாரி தொங்கிப்போச்சு மேடம்” என்றார். காவலாளியை வெளியே தள்ளிவிட்டுத் திரும்புவதற்குள் எரிந்துகொண்டிருந்த ரேக் ஒன்று அவர் மேல் சரிந்தது. வலது கை, தோள், கழுத்து வரை வெந்துபோனது.

பிறகு தொட்டியை வடித்தார்கள். கட்டுமானத்தின்போது உள்ளே பூசியவர்கள் விட்டுப்போன ஒரு நீலத் தார்பாய், வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கப்பட்டு, பம்பின் உறிஞ்சும் வாயில் போய் அப்பிக்கொண்டிருந்தது.

மருத்துவமனைக்கு சார் வந்தார். பழம் வாங்கி வந்தார். எந்த மருத்துவர் நல்லவர் என்று விசாரித்து, அவரிடம் தானே போய்ப் பேசினார். கட்டுக்குள் இருந்த அந்தக் கையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். நடிப்பு இல்லை. சேஃப்டி ஆபீசரின் மனைவி, “சார்ஜி, நீங்கதான் எங்களுக்குக் கடவுள்” என்று காலில் விழப்போனாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“சார், டேங்கைத் திறந்து பாருங்கன்னு இவர் எத்தனை தடவைங்க கேட்டாரு?” என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதுக்கு இதாம்மா நேரம்?” என்றார்.

சரி, அது நேரமில்லை. விசாரணை நேரம்தானே? தொழிற்சாலையில் ஒரு குழு உட்கார்ந்தது. வடிவமைத்தவர் என்ற முறையில் சாரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். ஒப்படைக்கும்போது எல்லாம் சரியாக இருந்தது, தொட்டியைச் சுத்தமாக வைத்திருப்பது பராமரிப்பு வேலை, அதைச் செய்ய வேண்டியது சேஃப்டி பிரிவு என்றார் அவர். தொட்டியைத் தொடாதே என்று போனில் சொன்ன அதே வாயால் சொன்னார். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போய்க் கேட்டு, உள்ளே உட்கார்ந்து, குழாய் அளவிலிருந்து அந்தப் போன் பேச்சு வரை எல்லாவற்றையும் சொன்னேன். சார் குறுக்கே பேசவே இல்லை. நான் முடித்ததும் குழுவைப் பார்த்து ஆங்கிலத்தில், மிக மென்மையாக, இவள் என் மகள் மாதிரி, அடிபட்டவர் மேல் பாசம், மனக்கஷ்டத்தில் பேசுகிறாள் என்றார். குழுவில் இருந்தவர்கள் என்னைப் பரிவோடு பார்த்தார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். அந்தப் பரிவை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. கூச்சல் போட்டு என்னை வெளியே தள்ளியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சேஃப்டி ஆபீசரைக் கடமை தவறியவர் என்று வேலையிலிருந்து நீக்கினார்கள். கை இன்னும் ஆறக்கூட இல்லை. நான் அன்று மாலையே சாரிடம் போய், நாளையிலிருந்து வரமாட்டேன் என்றேன். “வேற எங்கயாச்சும் சொல்லட்டுமாம்மா? நல்ல இடமாப் பாத்துச் சேத்துவிடுதேன்” என்றார். அப்போதும் அவருக்கு இல்லை என்று சொல்ல வரவில்லை பாருங்கள். நான் இறங்கி வந்துவிட்டேன். தொழிற்சாலையில் பிறகு சத்தமில்லாமல் எட்டு அங்குலக் குழாய் போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். உடைக்க முடியாத அந்த பீமை உடைத்துத்தான் போட்டார்களாம்.

இப்போது அவருக்கு நினைவேந்தல் கூட்டம் என்று அழைப்பு வந்தது. அவர் மனைவியே போன் செய்து, “நீ அவருக்கு மக மாதிரிம்மா, நீ ரெண்டு வார்த்தை பேசணும்” என்றார். விசாரணைக் குழுவில் கேட்ட அதே சொல். நான் முடியாது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் வைத்துவிட்டேன். கோர்படிக்குப் போனேன். சேஃப்டி ஆபீசர் அங்கே ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டர்களுக்கு மருந்து நிரப்பிக் கொடுக்கும் சிறிய கடை வைத்திருக்கிறார். வேலை நீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்கும் நடக்கிறது. இடது கையால் ஸ்பானரைத் திருப்பிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார்.

“நீங்க போங்க மேடம். நான் வர்ல. ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரே பெரிய மனுசன் அவரு, மறக்கல. ஆனா வர்ல.”

“நான் அங்க என்னங்க பேசறது?”

ஸ்பானரைக் கீழே வைத்தார். “என் பேரைச் சொல்லுங்க. பஸ், அவ்ளோதான்.”

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் மாலை போட்ட படம். ஒவ்வொருவராக வந்து, அவரால் தாங்கள் எப்படி ஆளானோம் என்று பேசினார்கள். என் முறை வந்தது. எனக்கு வேலை கொடுத்ததைச் சொன்னேன், கழிப்பறைக்காக அவர் போட்ட சண்டையைச் சொன்னேன். கை தட்டினார்கள். பிறகு சேஃப்டி ஆபீசரின் பெயரைச் சொன்னேன். இந்தக் கட்டுரையில் நான் யார் பெயரையும் எழுதவில்லை. ஆனால் அந்த மண்டபத்தில், மைக்கில், அப்பா பெயரோடு சேர்த்து முழுப் பெயரையும் சொன்னேன். அவர் கை எப்படி வெந்தது, ஏன் வெந்தது, யார் சொன்ன சொல்லால் அவருக்கு வேலை போனது என்று சொன்னேன். முன்வரிசையில் ஒருவர் எழுந்து, “செத்தவரைப் பத்தி இப்படியா பேசறது? இது அதுக்கான இடமா?” என்று கத்தினார். “எது இடம்னு நீங்களே சொல்லுங்க! கமிட்டியும் இல்லீன்னுட்டாங்க, ஆஸ்பத்திரியும் இல்லீன்னுட்டாங்க!” என்று நானும் கத்தினேன். யாரோ மைக்கை நிறுத்தினார்கள். நான் மைக் இல்லாமலே முடித்துவிட்டு இறங்கினேன்.

செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது சாரின் மனைவி வெளியே வந்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவுக மேல கோவத்தோட போவாதம்மா. அவுகளுக்கு எல்லாம் தெரியும். அன்னைக்கு ஆஸ்பத்திரில இருந்து வந்து சோத்துல கை வைக்கல. அந்தப் புள்ள எட்டுன்னுதான் சொல்லிச்சு, நான்தான் கேக்கலன்னு எங்கிட்ட சொல்லிச் சொல்லி அழுதாக. டேங்கைத் திறக்க வேண்டாம்னு சொன்னதும் நாந்தானேன்னாக. உன் மேல அவ்வளவு மதிப்பு.”

ஆறுதலாகத்தான் சொன்னார். அதுவரை என் கோபத்தில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. ஒருவேளை அவருக்கு உண்மையாகவே புரியவில்லையோ, துரு என்று மனதார நம்பினாரோ என்று அவருக்காக நான் ஒரு ஓரத்தில் வைத்திருந்த இடம் அது. இப்போது அதுவும் அடைபட்டது. எல்லாம் தெரிந்துதான் வீட்டில் அழுதிருக்கிறார். அதற்குப் பிறகுதான் குழுவின் முன் போய் உட்கார்ந்து, பராமரிப்புக் குறை என்று சொல்லியிருக்கிறார்.

“இதை அன்னைக்கே கமிட்டியில அவர் சொல்லியிருக்கணுங்க” என்றேன். அவர் தலை குனிந்தார். “இப்ப நீங்க சொல்லுவீங்களா? சேஃப்டி ஆபீசர்கிட்ட வந்து?”

வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தார். மறுவாரம் என்னோடு ஆட்டோவில் கோர்படிக்கு வந்து, அந்தக் கடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, என்னிடம் சொன்னதையே சேஃப்டி ஆபீசரிடமும் சொன்னார், ஒரு வார்த்தை குறைக்காமல். அவர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடிந்ததும் மனைவியைக் கூப்பிட்டு டீ கொண்டுவரச் சொன்னார். பிறகு மிகவும் மரியாதையாக, “அம்மா, அடுத்த வாய்தாவுக்குக் கோர்ட்டுக்கு வந்து இதைச் சொல்றீங்களா? எனக்குக் காசு கீசு வேணாம். என் தப்பு இல்லன்னு ஆவணும், அவ்ளோதான்” என்றார்.

அந்த அம்மா டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். “புள்ளைககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதேன்” என்றார்.

இதுவரை அவரிடமிருந்து போன் வரவில்லை. நான் செய்தாலும் எடுப்பதில்லை. நேற்று மாலை கடைக்குப் போயிருந்தேன். சேஃப்டி ஆபீசர் வாய்தா அன்றைக்குப் போட்டுக்கொள்ள இஸ்திரி செய்த சட்டையை வாங்கி ஆணியில் மாட்டி வைத்திருந்தார்.

“வருவாங்க மேடம். நல்ல குடும்பம் அது. சார் மாரியே, இல்லன்னு சொல்ல மாட்டாங்க” என்றார்.

எனக்கு அந்தச் சிலிண்டர்களில் ஒன்றை எடுத்துச் சுவரில் எறிய வேண்டும் போலிருந்தது. நானும் கோர்ட்டுக்கு வர, இப்போது வேலை பார்க்கும் இடத்தில் அன்றைக்கு விடுப்புச் சொல்லியிருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.